ஜூன் மாதத்தில் நிற்கும் கணினி

— இல்ல மிஸ், இது இனி எழும்பாது. சும்மா சொல்லல. நீங்க த்ரீவீலர்ல அனுப்பி வச்ச அன்னைக்கே கழட்டிப் பாத்துட்டேன். போர்டு பூராவும் கருகிக் கெடக்கு.

— அப்பிடிச் சொல்லாதேயுங்கோ, கணேஸ். கண்டியிலை எத்தினை கம்ப்யூட்டர் கடை இருக்கு, நான் உங்களிட்டை மட்டுந்தானே கொண்டு வாறனான். புகை வந்த உடனை நான் பிளக்கைக் கழட்டிப் போட்டன். பிறகு சமைக்கக் குசினிக்குள்ளை போன நேரம் பார்த்து என்ரை மனுசன் திரும்பவும் போட்டிருக்கிறார். எரிஞ்ச மணத்துக்கு ஓடி வந்து பார்த்தால், கறுத்த ஸ்கிரீனுக்கு முன்னாலை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். "பொறும் லீலா, எழும்புது" எண்டு எனக்குச் சொல்லுறார்.

— சேர் அந்தக் கதிரையிலயே ஒக்காந்து இருக்கட்டும் மிஸ். வாசல் பக்கம் மட்டும் வேணாம். பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு.

— போவார். போன கிழமை அப்பிடித்தான் போனவர். இந்தப் பெட்டி எரிஞ்ச அடுத்த நாள். குண்டசாலையிலை பஸ் ஏறி, டவுனிலை மாறி, பேராதனைக்குப் போயிருக்கிறார். போற வழி மறக்கேல்லை, பாருங்கோ. வாற வழிதான் மறந்து போச்சு. முந்தி வேலை செய்த கம்பஸ் வாசலிலை நிண்டு, கம்ப்யூட்டர் ரூம் பூட்டின்ரை திறப்பைத் தா எண்டு கேட்டவராம். மெஷின் விழுந்து கிடக்கு, பெடியள் காத்துக்கொண்டு நிக்கிறாங்கள், கெதியாத் தா எண்டு.

— ஐயோ. யாரு மிஸ் பாத்தது?

— காவலுக்கு நிண்ட சிங்களப் பெடியன். நல்ல பிள்ளை. இருத்தி, தேத்தண்ணி குடுத்து, சேட்டுப் பைக்குள்ளை நான் வைச்சிருந்த நம்பருக்கு அடிச்சவன். நான் போய் இறங்க, இவர் அவனுக்குப் பிளாப்பி டிஸ்க்கை எந்தப் பக்கம் பிடிச்சுப் போடவேணும் எண்டு விளங்கப்படுத்திக்கொண்டு இருக்கிறார். அவன் பிறக்க முந்தின சாமான். அவனும் சிங்களத்திலை "ஹரி சர், ஹரி சர்", சரி சேர் எண்டு தலையாட்டுறான்.

— லீலா, இதென்ன இடம்?

— இது கணேஸின்ரை கடை, அப்பா. கம்ப்யூட்டரைத் திருத்தக் குடுத்தனாங்கள். அதைப் பார்க்க வந்தனாங்கள்.

— டிஸ்க் எப்பிடி?

— டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல சேர். நல்லா இருக்கு.

— அப்ப பயமில்லை. டிஸ்க் இருந்தால் எல்லாம் இருக்கு. மற்றதெல்லாம் தகரம், சரியோ. முதல் வந்த மெஷினுக்கு டிஸ்க்கும் இல்லை. இரண்டு பிளாப்பி மட்டும். ஒண்டிலை மெஷினை எழுப்புற டொஸ், மற்றதிலை உம்மட வேலை. கொழும்பிலையிருந்து ரயிலிலை என்ரை மடியிலை வைச்சுக் கொண்டு வந்தனான். றம்புக்கனை ஏத்தத்திலை ரயில் குலுங்கக் குலுங்க, குழந்தைப்பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்.

— ஓமப்பா. சொன்னனீங்கள்.

— டொஸ் நேர்மையான சாமான், தம்பி. பிழை விட்டால் பிழை எண்டு முகத்துக்கு முன்னாலை சொல்லும். பிறகு வந்ததுகளெல்லாம் மழுப்புறது. "ஏதோ பிழைச்சுப் போச்சு" எண்டு சொல்லும், என்ன பிழைச்சது எண்டு சொல்லாது.

— அது உண்மதான் சேர். நாங்களும் அதோடதான் தெனம் மாரடிக்கிறோம். மிஸ், சேர் இந்த மாதிரிக் கதைக்கிறப்போ ஒரு நோய் வருத்தமும் இல்லாத ஆளு மாதிரியே இருக்காரு.

— பழசுக்கை நிக்கும் மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. இப்ப ரீவி ரிமோட்டைக் கையிலை குடுத்துப் பாருங்கோ, அழுதிடுவார்.

— தெரியும் மிஸ். நான் கூடவே பாத்துக்கிட்டுத்தானே வாறேன். மொதல்ல நீங்க வந்தது புது லெப்டொப்போட. வின்டோஸ் பத்து. "ஸ்டார்ட் பட்டன எங்கயோ ஒளிச்சு வச்சிட்டானுகள்"னு சேர் சத்தம் போட்டாரு. நான் வயசானவங்க எல்லாரும் சொல்றதுதானேன்னு நெனச்சு ஏழு போட்டுக் குடுத்தேன். கொஞ்ச நாள்தான். அதுவும் புடிபடல. எக்ஸ்பி கேட்டாரு. அந்தப் பச்ச மேடு, நீல வானம் படம் வந்தோடனதான் மூஞ்சி தெளிஞ்சுது.

— அந்த மேட்டைப் பார்த்து, இது எங்கடை ஹந்தானை மலைப் பக்கமோ எண்டு கேட்டவர்.

— ஆமா. அப்பறம் எக்ஸ்பியும் போயி தொண்ணூத்தெட்டு. பிரவுசரும் அதே கததான். குரோமுல மெனு எங்கன்னாரு. பயர்பொக்ஸ் போட்டேன். அப்பறம் அந்த நீல 'ஈ' எழுத்து இருக்கே, அதத் தேடுனாரு. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு படி கீழ எறக்கி விட்டுக்கிட்டே இருந்தேன் மிஸ். மத்தவங்கள்லாம் புதுசு போட்டுக் குடுன்னு வருவாங்க. நீங்க மட்டும்தான் வாற ஒவ்வொரு தடவையும் பழசு கேட்டு வந்தீங்க. மூணாவது தடவைதான் எனக்கு வெளங்கிச்சு, இது கம்ப்யூட்டர் பிரச்சின இல்லன்னு.

— டொக்டர் சொல்ல முந்தி உங்களுக்கு விளங்கியிருக்கு.

— அப்பிடியெல்லாம் இல்ல மிஸ். அப்பறம் தொண்ணூத்தெட்டும் வேணாம்னு, வீட்டு அறையில கெடந்த இந்தப் பழைய பெட்டியத் தானே தூக்கி வச்சுக்கிட்டாருன்னு சொன்னீங்க. வின்டோஸ் தொண்ணூத்தஞ்சு. இதுக்குக் கீழ எறக்கி விட எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

— இதுக்குக் கீழை தேவையில்லை. இதிலைதான் ஆள் நிண்டிட்டார். காலமை எழும்பினால் முகம் கழுவிப்போட்டு நேரை அதுக்கு முன்னாலை. பின்னேரம் வரைக்கும் சத்தமில்லை. அதுதான் கேக்கிறன், கணேஸ். இந்தப் பெட்டி இல்லாட்டி நான் அவரைக் கட்டிப் போட்டுத்தான் வைச்சிருக்கவேணும்.

— கட்டிப் போட வேணாம் மிஸ். நான் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். பாத்துட்டுச் சொல்லுங்க. பழைய டிஸ்க்க அப்பிடியே ஒரு கொப்பி எடுத்துட்டேன். இந்தப் பெட்டிக்குள்ள இருந்த கருகின சாமானக் கழட்டிட்டு உள்ளுக்கு ஒரு சின்னப் புது மெஷின வச்சிருக்கேன். வெளிய அதே பெட்டிதான், அதே கீபோர்டுதான், அதே தடிச்ச மொனிட்டர்தான். புது மெஷினுக்குள்ள பழசு ஓடும். தான் புதுசுக்குள்ள இருக்கோம்னு அந்தப் பழசுக்கே தெரியாது.

— அவருக்குத் தெரியுமோ?

— போட்டுப் பாப்போம். சேர், இங்கிட்டு வாங்க. கொஞ்சம் ஒக்காந்து பாருங்க, சரியா இருக்கான்னு.

— தள்ளும். கதிரை உயரம் காணாது. ம். இனிப் போடும்.

— போட்டுட்டேன் சேர்.

— பொறும், எழும்புது. மெமரி எண்ணட்டும். அவசரப்படக் கூடாது, சரியோ. இந்தா, வின்டோஸ் படத்திலை மேகம் வந்திட்டுது. லீலா, பார், மேகம் வந்திட்டுது.

— பார்க்கிறன், அப்பா. அதே சத்தமும் வருது, கணேஸ். நான் இதை இனிக் கேக்கமாட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான்.

— நெட்ஸ்கேப் எங்கை? இருக்கு. இந்தா. கப்பல் சுக்கான் படம் போட்டது. தம்பி, இதுதான் பிரவுசர். மற்றவை, மைக்ரோசொப்ட் சும்மா குடுக்கிறான் எண்டு அவன்ரையைத்தான் தூக்கினவை. நாங்கள் இதை விடேல்லை. பிரணவன் விடமாட்டன் எண்டு நிண்டவன். இஞ்சை பாரும், அவன் செய்த பக்கம்.

— பாக்குறேன் சேர். "எங்கள் வீடு"ன்னு படமா வரைஞ்சிருக்காரு.

— தமிழ் எழுத்து அதுக்கை வராது. அதாலை பெயின்ற்றிலை மவுஸாலை கீறிப் படமாப் போட்டவன். கீழை லீலா, நான், நாய். நாயின்ரை பேர் கொமா. முழுப் பெயர் கொமாண்ட் டொட் கொம். டொஸிலை வாற பைல் ஒண்டின்ரை பேரை எடுத்து அவன் வைச்சது.

— ஹா. நல்ல பேரு சேர்.

— தம்பி, தம்பி. கணேஸ். அந்த மூலையை மறையுங்கோ.

— எந்த மூல மிஸ்?

— அந்தக் கீழ் மூலை, மணிக்கூடு இருக்கிற இடம். நான் கையாலை பொத்திக்கொண்டு நிக்கிறன், ஏதாவது ஒட்டுங்கோ. உள்ளுக்கு இருக்கிற ஆண்டு என்ன? இந்த வருசத்தையோ போட்டனீங்கள்?

— இன்னைக்குத் திகதிதான் மிஸ். அதுவா எடுத்துக்கும். ஏன், என்னாச்சு? இந்தாங்க, டேப் ஒட்டியாச்சு. சேர் கவனிக்கல. அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு.

— அப்பா, நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருங்கோ. நான் கணேஸோடை உள் அறைக்குள்ளை ஒரு கதை கதைச்சிட்டு வாறன். எழும்பாதேயுங்கோ.

— போட்டு வாரும். நான் எங்கை போறது?

— வாங்க மிஸ், இந்தப் பக்கம். கேபிள் கெடக்கு, பாத்து வாங்க. என்ன பிரச்சின?

— போன வருசம் இந்தப் பெட்டியைத் துப்பரவாக்க உங்களிட்டைத் தந்தனான். நினைவிருக்கோ? உள்ளுக்கு இருந்த சின்ன பேட்டரி செத்துப் போச்சு, அதாலை திகதி நிக்குதில்லை எண்டு நீங்கள் புதுசு போட்டுத் தந்தனீங்கள்.

— ஆமா. அதுக்குக் காசும் எடுக்கல. திகதியும் சரி பண்ணித்தானே குடுத்தேன்.

— சரி பண்ணித்தான் தந்தனீங்கள். அதுதான். அது வரைக்கும் அந்தப் பெட்டி ஒவ்வொரு நாளும் தொண்ணூறுகளிலை ஏதோ ஒரு திகதியோடைதான் எழும்புறது. இவரும் அந்த ஆண்டுக்குள்ளைதான் இருந்தவர். பிரணவன் எங்கை எண்டு கேப்பார். பள்ளிக்கூடம் போட்டான் எண்டு நான் சொல்லுவன். சரி எண்டுவார். அதோடை முடிஞ்சிடும்.

— பிரணவன் உங்க மகன். வெளிநாட்டுல இருக்காருன்னு நெனச்சிருந்தேன் மிஸ்.

— எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. நானும் மறுத்துச் சொல்லுறதில்லை. பிரணவன் இல்லை, தம்பி. உயர்தரம் படிச்சுக்கொண்டு இருந்தவன். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு மோடம் வேணும் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டவன். அது பூட்டினால்தானே டெலிபோன் லைனிலை இன்டர்நெட் வரும். நெட்ஸ்கேப்பை யாரிட்டையோ டிஸ்க்கிலை வாங்கி ஏத்திப் போட்டான், பிரவுசர் இருக்கு, அது போறதுக்கு வழியில்லை. கண்டியிலை அந்தக் காலம் மோடம் எடுக்கேலாது. இவருக்குக் கம்பஸிலை வேலை. நீயே கொழும்புக்குப் போய் எடுத்துக்கொண்டு வா எண்டு விட்டவர். அவன் போன அண்டைக்குக் கொழும்புக் கோட்டைப் பக்கம் குண்டு வெடிச்சது.

— மிஸ்...

— மோடம் பெட்டியோடைதான் கிடந்தவன். பெட்டியிலை ஒரு கீறல் இல்லை. இவர் கம்பஸ் முழுக்க இன்டர்நெட் கேபிள் இழுத்தவர், பாருங்கோ. ஊரிலை எத்தினை வீட்டுக்குப் பூட்டிக் குடுத்தவர். எங்கடை வீட்டிலை மட்டும் கனகாலம் பூட்டேல்லை.

— நீங்க இத்தன வருசமா வந்து போறீங்க, எனக்கு ஒரு வார்த்த தெரியாது.

— நாங்களும் கதைக்கிறதில்லை, கணேஸ். அவரும் நானும். நீங்கள் பேட்டரி மாத்தித் தந்த அண்டைக்கு, பின்னேரம் இருந்தவர் திடீரெண்டு அந்த மூலையைப் பார்த்திட்டார். "இதென்ன ஆண்டு போட்டிருக்கு? அப்ப பிரணவனுக்கு நாப்பத்தைஞ்சு வயதெல்லோ? அவன் எங்கை, லீலா?" எண்டார். பள்ளிக்கூடம் எண்டு சொல்லேலுமோ? எனக்கு வேறை ஒண்டும் வாயிலை வரேல்லை. சொல்லிப் போட்டன்.

— அதக் கேட்டு என்ன செஞ்சாரு?

— அழுதார். புதுசாச் செத்தவனுக்கு அழுற மாதிரி. விடியும் மட்டும் அழுதார். மேசையைப் பிடிச்சபடி எழும்பேல்லை. பிள்ளை செத்த அண்டைக்குக் கூட அவர் அப்பிடி அழேல்லை. காலமை எழும்பி, ஒண்டும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி கேட்டார். நான் அந்த இடைவெளியிலை போய்த் திகதியைப் பின்னுக்கு மாத்திப் போட்டன். தொண்ணூற்றேழு ஜூன். அவன் இருந்த ஜூன். அது ஜூலைக்குப் போகப் போக நான் திரும்பவும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இருந்தனான்.

— நான் நல்லது செய்றோம்னுதான் செஞ்சேன் மிஸ். சும்மா சொல்லல.

— உங்களை ஏன் குறை சொல்லுறன்? திகதி சரியா இருக்கவேணும் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம். இப்ப நான் கேக்கிறது இதுதான். இந்தப் புதுசு தானாத் திகதி எடுக்கும் எண்டு சொன்னனீங்கள். எடுக்காமல் செய்யுங்கோ. தொண்ணூற்றேழு ஜூனிலை நிக்கட்டும். ஒவ்வொரு நாளும் போடேக்கை அதே நாளிலை எழும்பட்டும். ஜூலைக்கும் போகக் கூடாது.

— செய்யலாம். அது ஒரு வரி மாத்துற வேல. ஆனா எனக்கு மனசு வரல மிஸ்.

— ஏன்?

— எங்கப்பா அழகையா, தெல்தோட்டையில தோட்டத்துல இருந்தாரு. கடைசியா புத்து நோய்னு டொக்டர் சொன்னாரு. நாங்க புள்ளைங்க எல்லாருமா சேந்து அவருகிட்ட வயித்துப் புண்ணுன்னு சொன்னோம். நல்ல மனசோடதான் சொன்னோம். சாகுறதுக்கு முந்தி எங்கையப் புடிச்சுக்கிட்டு, "ஏன்டா எங்கிட்ட சொல்லல? நான் யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுப் போகலையேடா"ன்னாரு. எல்லாம் தெரிஞ்சுகிட்டே கெடந்திருக்காரு மனுசன். அந்தப் பேச்சு இன்னும் காதுல கேக்குது. அதான், பெரிய மனுசன ஏமாத்துற வேலைன்னா எனக்குக் கை ஓடாது.

— உங்கடை அப்பாவுக்கு அறிவு தெளிவா இருந்தது, தம்பி. ஒருக்கால் சொன்னால் அவர் அதை வைச்சிருந்திருப்பார். இவருக்கு ஒருக்கால் சொன்னால் காணாது. நாளைக்கும் சொல்லவேணும். நாளையிண்டைக்கும் சொல்லவேணும். அவன் செத்தது ஒருக்கால்தான். நான் என்ரை வாயாலை அவனை எத்தினை தரம் சாகக் குடுக்கிறது?

— அழாதீங்க மிஸ். ஒக்காருங்க. தண்ணி தாறேன்.

— தண்ணி வேண்டாம். செய்து தாங்கோ. பொய் எண்டு வையுங்கோ. பாவம் எண்டும் வையுங்கோ. அதை நான் சுமக்கிறன்.

— சரி. செஞ்சு தாறேன். வாங்க முன்னுக்கு. சேர், ஒரு நிமிசம் கீபோர்ட எங்கிட்ட தாறீங்களா? ஒரு சின்ன வேல பாக்கணும்.

— என்ன செய்யப் போறீர்?

— மணிக்கூடு பிந்திப் போச்சு சேர். சரி பண்ணணும்.

— செய்யும். மணிக்கூடு பிந்தினால் எல்லாம் பிழைக்கும், சரியோ. பைல் எல்லாம் தலைகீழாய் அடுக்கும்.

— ஆமா சேர். இந்தா, முடிஞ்சிருச்சு. மிஸ், டேப்ப எடுத்துட்டேன். பாருங்க.

— ஜூன். ஓம். சரி.

— லீலா, பிரணவன் எங்கை?

— பிரணவனோ? பள்ளிக்கூடம் போட்டான், அப்பா. உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தானே போனவன்.

— இவ்வளவு நேரமோ? பள்ளிக்கூடம் விட்டிருக்குமே.

— இண்டைக்குக் கிரிக்கெட் பிராக்டிஸ். முடிஞ்சு, பெடியளோடை வாவிக் கரையாலை நடந்து வந்து, வடை வாங்கித் திண்டு, ஆடி அசைஞ்சுதான் வருவான். வெள்ளைக் காற்சட்டை முழுக்கச் சேறா இருக்கும். நான் கத்துவன். அவன் காதிலை விழாத மாதிரி நேரை வந்து உங்களைக் கதிரையாலை எழுப்பப் பார்ப்பான்.

— மழை வரப் பார்க்குது. குடை கொண்டு போனவனோ?

— உங்கடை மகன் எப்ப குடை கொண்டு போனவன்? கொப்பியைச் சேட்டுக்குள்ளை செருகிக்கொண்டு ஓடி வருவான். வந்து நெட்ஸ்கேப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு, அப்பா எப்ப மோடம் வாங்கித் தாறீங்கள் எண்டு தொடங்குவான். நீங்கள் இப்ப வேண்டாமடா எண்டு சொல்லுங்கோ. கட்டாயம் சொல்லுங்கோ, என்ன? இரவைக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். கூப்பிட்டால் ஒரு கூப்பிடுக்கு எழும்பி வரவேணும், இரண்டு பேரும்.

— சரி, சரி. சிரிக்காதேயும், வாறம்.

— கணேஸ், இவரை ஒரு பத்து நிமிசம் பார்த்துக்கொள்ளுங்கோ. நான் பக்கத்துப் பார்மசியிலை இவரின்ரை குளிசையை எடுத்துக்கொண்டு, அப்பிடியே ஒரு த்ரீவீலரையும் பிடிச்சுக்கொண்டு வாறன்.

— போயிட்டு வாங்க மிஸ். பெட்டிய நான் கீழ எறக்கித் தாறேன். நீங்க தூக்க வேணாம்.

— தம்பி.

— சொல்லுங்க சேர். தண்ணி வேணுமா?

— அவ படியிறங்கிப் போட்டாவோ?

— போயிட்டாங்க சேர். ரோட்டக் கடக்குறாங்க. இங்கருந்து தெரியுது.

— என்ன திகதி போட்டிருக்கிறீர்?

— சேர்? அதுல... அதுல தெரியுதே சேர்.

— தெரியுது. தொண்ணூற்றேழு ஜூன். நல்லது. ஆர் வந்து கேட்டாலும் அதை மாத்தாதேயும்.

— சேர், உங்களுக்கு... நீங்க...

— வெருளாதேயும். என்ரை மண்டை பழுதுதான். இண்டைக்கு உண்மையிலை என்ன ஆண்டு எண்டு எனக்குத் தெரியாது. காலமை சாப்பிட்டனானோ தெரியாது. உம்மட பேரும் வரேல்லை, குறை நினையாதேயும். அண்டைக்குக் கம்பஸ் வாசலிலை நிண்டது, ஏன் நிக்கிறன் எண்டு எனக்கே விளங்காமல் நிண்டதுதான். ஒவ்வொண்டாய் அழியுது. ஆனால் மகன் இல்லை எண்டது மட்டும் அழியுதில்லை. அதுதான் முதல் அழியவேணும் எண்டு நான் காத்துக்கொண்டு இருந்தனான்.

— ஒங்களுக்குத் தெரியுமா சேர்? இவ்வளவு நாளும் தெரியுமா?

— பின்னை? நானெல்லோ கொழும்புக்கு அனுப்பினன்.

— அப்ப நான் பேட்டரி மாத்திக் குடுத்த அன்னைக்கு... விடிய விடிய அழுதீங்கன்னு மிஸ் சொன்னாங்களே. புதுசாக் கேட்ட மாதிரி அழுதீங்களாம்.

— அண்டைக்கு அந்தத் திகதியைக் கண்டு குழம்பிப் போய்த்தான் கேட்டன். கேட்டு, அவ வாய் திறக்க முந்தியே எனக்கு நினைவு வந்திட்டுது. ஆனால் அவ சொன்னா. "பிரணவன் இல்லையப்பா" எண்டு. செத்த வீட்டிலையும் அவ அதைச் சொல்லேல்லை, தம்பி. ஆரும் கேட்டால் உள்ளுக்குப் போயிடுவா. சோறு வைப்பா, துணி தோய்ப்பா, பள்ளிக்கூடத்திலை படிப்பிப்பா, அவன்ரை பேரை எடுக்க மாட்டா. இத்தினை காலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவ வாயாலை முதல் தரம் கேட்டன். அதுக்குத்தான் அழுதனான்.

— இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதே சேர். ஒங்களுக்காகத்தான் மறைக்கிறேன்னு, உள்ளுக்கு என் முன்னாலயே அழுதாங்க. நான் போயிச் சொல்லட்டுமா? ரெண்டு பேரும் கதைச்சுக்கிட்டா பாரம் கொறையும்தானே.

— சொல்லக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணும்.

— பண்றேன் சேர். ஆனா எனக்கு வெளங்கல. எல்லாம் தெரிஞ்சுகிட்டு, அவரு எங்கன்னு ஏன் சேர் தெனம் தெனம் அவங்ககிட்டக் கேக்குறீங்க?

— நீர் இப்ப அவவின்ரை முகத்தைப் பார்த்தனீர்தானே, தம்பி. நான் கேட்டால்தான் அவவுக்கு அவன் பின்னேரம் வீட்டை வருவான்.